செலரியாக் கிழங்கு: விதை போடுவது முதல் சட்டியில் போடுவது வரை

ஜேர்மனியில் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனாலும் சூப்புக்கென்று ஒரு மரக்கறிக் கட்டு இருக்கும். இரண்டு கரட், ஒரு துண்டு லீக்ஸ், கொஞ்சம் பார்ஸ்லி, கூடவே வெள்ளையாக ஒரு கிழங்குத் துண்டு, எல்லாம் சேர்த்து ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அந்த வெள்ளைத் துண்டுதான் செலரியாக், இங்கத்தைய கடைகளில் க்னோலன்செல்லரி. நம்மவர்கள் பலர் அதை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைப்பார்கள். முழுக் கிழங்கைக் கண்டால் இன்னும் மோசம், சேறும் சிக்கலான வேருமாக, கழுவினாலும் அழகில்லாமல் கிடக்கும், யாருக்கும் கைவைக்க மனம் வராது. ஆனால் ஒக்டோபரில் தோட்டத்திலிருந்து தோண்டி அன்றைக்கே நறுக்கிய கிழங்கின் வாசனை வேறு, கடையில் மாதக்கணக்காகக் கிடந்ததின் வாசனை வேறு. வீட்டோடு ஒரு துண்டு நிலமோ வாடகைக்கு ஒரு க்ளைன்கார்ட்டனோ (தோட்டச் சங்கம் கொடுக்கிற சின்ன நிலம்) உங்களிடம் இருந்தால் அரைப் பாத்தியை இதற்கு ஒதுக்கலாம். க்ளைன்கார்ட்டனில் மூன்றில் ஒரு பங்காவது பழமும் மரக்கறியும் இருக்க வேண்டும் என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள், அந்தக் கணக்குக்கும் உதவும்.

முதலில் செடியைப் புரிந்துகொள்வோம். தண்டு செலரியும் இதுவும் ஒரே இனம். அதில் தண்டு பெருக்கும்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தார்கள், இதில் அடிப்பகுதி பெருக்கும்படி. நாம் கிழங்கு என்று சொல்வது முழுக்க வேர் கிடையாது, தண்டின் அடியும் வேரின் மேல்பகுதியும் சேர்ந்து வீங்கிய ஒன்று, அதனால்தான் பாதி மண்ணுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். இதன் காட்டு மூதாதை வளர்வது சதுப்பு நிலத்திலும் கடலோர ஈரத்திலும். தண்ணீரிலேயே நின்று பழகிய பரம்பரை, வேரை ஆழமாக விடத் தெரியாது. இது மனதில் இருந்தால் கீழே சொல்லப்போவதில் பாதி தானாக விளங்கிவிடும்.

கஷ்டமான பயிர் என்று ஒரு பேர் இதற்கு உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. மெதுவான பயிர், அவ்வளவுதான். பெப்ரவரி கடைசியில் விதைத்தால் ஒக்டோபர் கடைசியில் கிழங்கு. இடையில் எங்கேயாவது வளர்ச்சி நின்றால், குளிரால் நின்றாலும் சரி தாகத்தால் நின்றாலும் சரி, அந்த நாட்களைப் பிறகு எந்தப் பசளை போட்டும் திருப்பி வாங்க முடியாது. நல்ல கிழங்குக்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை, தடை இல்லாமல் வளரவிடுவதுதான் எல்லாம். 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பம் இதற்குப் பிடித்தது, எனவே யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு விதை வாங்கிவிட வேண்டாம்.

விதையும் நாற்றும்

ரகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மொனார்க் தோல் கொஞ்சம் வழவழப்பாக வரும், உரிக்கச் சுலபம். ப்ரின்ஸ் சீக்கிரம் பூவுக்குப் போகாது, இலை நோயையும் ஓரளவு தாங்கும். இபிஸ் சற்று முந்தி முற்றும், குளிர்காலம் சீக்கிரம் வருகிற ஊர்களுக்கு அது நல்லது. பிராகர் ரீசன் பழைய ரகம், கிழங்கு பெரிதாக வரும், ஆனால் வேர்ச் சிக்கலும் அதிகம். முதல் தடவை என்றால் மொனார்க் எடுங்கள்.

விதை மிகச் சின்னது, ஒரு கிராமில் 2,000-க்கு மேல் இருக்கும். பெப்ரவரி கடைசிக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் வீட்டுக்குள் தட்டில் விதைக்க வேண்டும். நாற்றுக்கென்று விற்கிற மண்ணை நிரப்பி, தட்டையாக அமர்த்தி, முதலில் தண்ணீர் விட்டு ஊறவைத்து, அதற்குப் பிறகு விதையைத் தூவுங்கள். மேலே மண் போட்டு மூடக் கூடாது, இந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். விரலால் இலேசாக அழுத்தினால் போதும். ஒரு கண்ணாடித் துண்டையோ ஒளி ஊடுருவும் மூடியையோ மேலே வைத்து, சுமார் 20 பாகை இருக்கிற இடத்தில் விட்டுவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும், ஸ்ப்ரே போத்தலால்தான் தெளிக்க வேண்டும். முளைக்க இரண்டு முதல் மூன்று கிழமை எடுக்கும். பத்து நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு, கொட்டாதீர்கள், மேல்மண் மட்டும் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

முளைத்ததும் மூடியை எடுத்துவிட்டு இருப்பதில் அதிக வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு விதையிலைகளுக்குப் பிறகு பல் போன்ற ஓரமுள்ள உண்மை இலை ஒன்று வரும். அதுதான் பிரித்து நடும் நேரம். ஒரு தீக்குச்சியை நாற்றுக்கு அடியில் சாய்வாகக் குத்தி, மண்ணோடு இலேசாகக் கிளப்பி, இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடிக்கவே கூடாது, நூல் மாதிரி இருக்கும் அது நசுங்கினால் நாற்று அத்தோடு சரி. வேர் நீளமாக இருந்தால் நுனியைக் கிள்ளிவிடலாம், பக்கவேர் நன்றாகக் கிளைக்கும். ஆறேழு சென்ரிமீற்றர் அகலமுள்ள சின்னச் சட்டியில் ஒவ்வொன்றாக, முன்பு இருந்த அதே ஆழத்தில் வையுங்கள்.

இனி வருவது இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான இடம். செலரியாக் இரண்டு ஆண்டுப் பயிர். முதல் ஆண்டு கிழங்கு, குளிர்காலம் கடந்தால் இரண்டாம் ஆண்டு பூ. இளநாற்று ஒன்றிரண்டு கிழமை தொடர்ந்து 10 பாகைக்குக் கீழே இருந்தால் குளிர்காலம் வந்துபோய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, அந்தக் கோடையிலேயே பூந்தண்டு விட்டுவிடும். பூ வந்தால் கிழங்கு கட்டையாகிவிடும், சமைக்க ஆகாது. ஏப்ரலில் நாலு நாள் வெயில் அடித்ததும் நாற்றை பால்கனியில் வைத்துவிட்டு இரவிலும் மறந்துபோனால் நடப்பது இதுதான், தெரியவருவது மட்டும் ஜூலையில். வீட்டுக்குள்ளே 16-க்கும் 20-க்கும் இடையில் வைத்திருங்கள். ஜன்னல் கண்ணாடி ராத்திரியில் சில்லென்று ஆகும், இரவுக்குத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் இழுத்து வைப்பது நல்லது.

இவ்வளவு வேலை வேண்டாம் என்றால், மே மாதத்தில் தோட்டக் கடைகளிலும் சந்தையிலும் நாற்று விற்பார்கள். ஆறு செடிக்கு அது போதும், வெட்கப்பட எதுவும் இல்லை. வாங்கும்போது சட்டியைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வேர் வட்டமாகச் சுற்றிப் பழுப்பேறிக் கிடந்தால் அது நாள்பட்ட நாற்று, விட்டுவிடுங்கள்.

நிலத்தில் வைப்பது

மே 11 முதல் 15 வரையான நாட்களை இங்கே ஐஸ்ஹைலிகே என்பார்கள், பனிப் புனிதர்களின் நாட்கள், கடைசி உறைபனி வரக்கூடிய நேரம். கடைசி நாளுக்குக் கால்ட்டே சோஃபி என்று பெயர். அது கழியும்வரை பக்கத்துத் தோட்டத்து ஜேர்மன் தாத்தா தக்காளியை வெளியே எடுக்க மாட்டார், செலரியாக்கையும் எடுக்க மாட்டார், நாமும் அவரைப் பார்த்து நடப்பது நல்லது. அதற்கு ஒரு கிழமைக்கு முன்பிருந்து பகலில் மட்டும் வெளியே வைத்து, வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கிக்கொள்ளலாம்.

மண் கனமாக, ஈரம் பிடிக்கிறதாக இருக்க வேண்டும். மணல் நிலம் என்றால் கூட்டெருவை நிறையக் கலக்காமல் ஆரம்பிக்காதீர்கள். எந்த நிலமானாலும் ஒரு சதுர மீற்றருக்கு நாலைந்து லீற்றர் நன்றாக மக்கிய கூட்டெருவும், கடையில் கிடைக்கும் கொம்புத் தூள் ஒரு பிடியும் போட்டுக் கிளறிவிடுங்கள். நிறையத் தின்கிற பயிர் இது. கரட், பார்ஸ்லி, நூல் நூலாக இலை பிரிந்த டில் இவை எல்லாம் இதன் குடும்பம், அவை சென்ற ஆண்டு இருந்த இடத்தில் இதை வைக்க வேண்டாம். ஒரே இடத்துக்கு இது திரும்பி வர நாலு ஆண்டு போகட்டும்.

இடைவெளி எல்லாப் பக்கமும் 40 சென்ரிமீற்றர், அதாவது சதுர மீற்றருக்கு ஆறு செடி. நட்ட புதிதில் பாத்தி வெறிச்சென்று இருக்கும், நெருக்கி வைக்கக் கை துறுதுறுக்கும், வைக்காதீர்கள். வெறுமை பிடிக்காவிட்டால் நடுவில் லெற்றூஸோ முள்ளங்கியோ போடலாம், செலரியாக் விரிவதற்குள் அவை அறுவடையாகிவிடும். காலிஃபிளவரோடு மாற்றி மாற்றி நடுவது இங்கத்தையத் தோட்டங்களில் பழைய வழக்கம், லீக்ஸும் நல்ல அயல்.

ஆழம்தான் பலர் தவறவிடுகிற இடம். தக்காளி மாதிரி தண்டை மூடிப் புதைக்கக் கூடாது. இலைகள் எல்லாம் பிரிகிற அந்த நடுக்குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், நட்டபிறகு செடி கொஞ்சம் ஆடினாலும் பரவாயில்லை. ஆழமாகப் போனால் மேலே இருந்து கீழே வரைக்கும் வேர்தான் விடும், உருண்டையான கிழங்கு வராது. நட்டதும் நன்றாக நனையத் தண்ணீர் விடுங்கள். முதல் மூன்று நாலு கிழமை நத்தையைக் கவனியுங்கள், நடுக்குருத்தைத் தின்றுவிட்டால் அந்தச் செடி தேறாது. இரவில் ரோர்ச் வெளிச்சத்தில் போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை.

கோடை முழுக்கத் தண்ணீர்

ஜூனில் செடி நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருக்கும். ஜூலையில் இலை விரியும். கிழங்கு உண்மையில் பருப்பது ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒக்டோபர் வரை, அதாவது மற்ற மரக்கறி எல்லாம் முடிந்து தோட்டத்துப் பக்கம் போகவே அலுப்பு வருகிற நேரத்தில். அங்கேதான் பலரின் கிழங்கு எலுமிச்சம்பழ அளவில் நின்றுபோகிறது.

மழை இல்லாத கிழமைகளில் சதுர மீற்றருக்கு 15 முதல் 20 லீற்றர் தண்ணீர் வேண்டும். இரண்டு தடவையாகப் பிரித்து ஆழமாக விடுங்கள், தினமும் மேலாகத் தெளிப்பதால் ஒன்றும் ஆகாது. இலையில் படாமல் அடியில் விடுங்கள், காரணம் கீழே வருகிறது. புல்வெட்டிய புல்லை ஒரு நாள் வாடவிட்டு அடியில் மெல்லியதாகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களையும் குறையும். மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தாதீர்கள், வேர் மேலாகத்தான் ஓடுகிறது.

ஜூலையிலிருந்து இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை காஞ்சோன்றி இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்கவிட்ட கரைசலை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து விடலாம். நாற்றம் தாங்காது, அக்கம்பக்கத்தில் யாரும் கோப்பி குடித்துக்கொண்டிருக்காத நேரமாகப் பார்த்து விடுங்கள். ஆகஸ்டில் தழைச்சத்தைக் குறைத்துப் பொட்டாசியம் கூடிய பசளை கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இலைதான் காடாக வளரும். கடலோரப் பரம்பரை என்பதால் மற்றப் பயிர்கள் வெறுக்கிற குளோரைட்டைக்கூட இது தாங்கும்.

இனி இலை உரிக்கும் சண்டை. கோடை நடுவிலிருந்து அடியிலைகளைக் கழற்றிவிடு, கிழங்கின் தோளைச் சுற்றி மண்ணை விலக்கு, பக்கவேரை அறு, அப்போதுதான் கிழங்கு வழவழப்பாகப் பெருக்கும் என்று பல பழைய தோட்டக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. மஞ்சளாகி மண்ணில் படுத்துவிட்ட இலைகளையும், பக்கத்தில் முளைக்கிற சின்னக் குருத்துகளையும் எடுத்துவிடுங்கள், காற்று போகும், நத்தைக்கு ஒளிய இடம் குறையும். பச்சை இலையை உரிக்காதீர்கள், கிழங்குக்குச் சாப்பாடு செய்வதே அந்த இலைதான். வேரை அறுப்பதும் வேண்டாம், அந்தக் காயம் வழியாக அழுகல் போகும். சூப்புக்கு இலை வேண்டுமென்றால் ஒரு செடியில் ஒன்றிரண்டு வெளி இலை கிள்ளிக்கொள்ளலாம்.

இலை கிள்ளும்போது ஒரு எச்சரிக்கை. செலரிச் சாற்றில் சொரலன் என்ற பொருள் இருக்கிறது, அது தோலில் பட்டு அதன்மேல் வெயில் பட்டால் சிலருக்குத் தீப்பட்டதுபோல் சிவந்து கொப்புளிக்கும். வெயில் நேரத்தில் நிறைய இலை கையாள்வதென்றால் கையுறையும் நீளக்கை சட்டையும் போடுங்கள்.

நோய், பூச்சி

இலையில் பழுப்புப் புள்ளி, புள்ளிக்குள் ஊசிமுனை அளவு கறுப்புப் பொட்டு தெரிந்தால் அது செப்டோரியா என்ற பூஞ்சை நோய். தண்ணீர் தெறித்துப் பரவும், அடியில் மட்டும் தண்ணீர் விடச் சொன்னது இதற்காகத்தான். பட்ட இலையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். இலைக்குள் காகிதம் போல வெளிறிய திட்டு இருந்தால் செலரி ஈயின் புழு உள்ளே சுரங்கம் போடுகிறது, அந்த இடத்தை விரலால் நசுக்கிவிட்டால் போதும். கரட் ஈ சில தோட்டங்களில் வேரைக் குடையும், மெல்லிய வலை போட்டால் அதுவும் இதுவும் சேர்ந்து அடங்கும்.

கிழங்கை வெட்டினால் நடுவில் பழுப்பாகவோ வெற்றிடமாகவோ இருந்தால் பெரும்பாலும் போரான் என்ற நுண்சத்துக் குறைவு. மண்ணில் போரானே இல்லை என்று அர்த்தமில்லை. சுண்ணாம்பு அதிகம் போட்ட நிலத்திலும், காய்ந்துபோன நிலத்திலும் இருக்கிற போரானைச் செடியால் எடுக்க முடியாது. அதனால் சும்மா போரான் வாங்கிப் போடுவதற்கு முன் சுண்ணாம்பை நிறுத்தி, தண்ணீரை ஒழுங்காக்கிப் பாருங்கள், கூடிவிட்டால் அதுவே நஞ்சு.

எல்லாவற்றையும்விட எரிச்சல் தருவது வூல்மவுஸ் என்கிற நில எலி. இலை பச்சையாகத்தான் நிற்கும், இழுத்துப் பார்த்தால் கீழே கிழங்கு இருக்காது. அந்த எலி உள்ள தோட்டம் என்றால் நடும்போதே கம்பிவலைக் கூடைக்குள் வைத்து நடுங்கள். பூனை வளர்ப்பதும் ஒரு வழி, பூனைக்கு விருப்பம் இருந்தால்.

தோண்டுவது, சேமிப்பது

ஒக்டோபர் கடைசி வரை அவசரப்பட வேண்டாம், அந்த மாதத்திலும் கிழங்கு பருக்கும். இலேசான உறைபனியைத் தாங்கும். கடும் உறைபனி வருமுன் எடுத்துவிட வேண்டும், தலை உறைந்த கிழங்கு பிறகு சேமிப்பில் அழுகும். குளிர் மிதமான ஊர்களில் வைக்கோலைத் தடிப்பாக மூடி நிலத்திலேயே விட்டு, வேண்டியபோது தோண்டுவார்கள், இங்கிலாந்தில் பல தோட்டங்களில் அப்படித்தான். எலி உள்ள இடத்தில் அது எலிக்கு வைக்கிற விருந்து.

முள்கரண்டி மண்வெட்டியைச் சற்றுத் தள்ளிக் குத்தி நெம்பி எடுங்கள், கிழங்கில் காயம் படக் கூடாது. மண்ணைத் தட்டி, தொங்குகிற வேரைப் பழைய கத்தியால் அறுத்து, வெளி இலைகளைத் திருகிக் கழற்றுங்கள். நடுக்குருத்தை மட்டும் ஒரு விரல் நீளம் விட்டுவையுங்கள். சேமிக்கப் போவதைக் கழுவாதீர்கள். குளிர்ந்த நிலவறையில், ஈரமணல் நிரப்பிய பெட்டியில், ஒன்றோடொன்று முட்டாமல் புதைத்துவைத்தால் மார்ச் வரை வரும். நிலவறை இல்லாவிட்டால் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜின் மரக்கறித் தட்டில், இரண்டு மூன்று கிழமைக்கு. அதற்கு மேல் மிஞ்சினால் துண்டாக்கி, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, ஆறவைத்து, உறைய வைத்துவிடுங்கள், சூப்புக்கும் கறிக்கும் தாராளம்.

அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஒரு கிழங்கு வந்தால் நல்ல விளைச்சல். கண்காட்சிக்கு வைக்கிறமாதிரிப் பெரிதாக வந்தால் பெரும்பாலும் உள்ளே பஞ்சுபோல் இருக்கும், அதற்காக ஏங்க வேண்டாம்.

குசினியில்

யாருக்குக் கொடுக்கிறோம் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். செலரி ஒவ்வாமை ஐரோப்பாவில் அரிதான விஷயம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி உணவுப் பொதியில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களில் இதுவும் ஒன்று, சிலருக்குச் சமைத்தாலும் ஒத்துக்கொள்ளாது. பூந்தூள் ஒவ்வாமை உள்ளவர்கள் முதல் தடவை கவனமாக இருக்கட்டும்.

உரிக்கும் கருவியால் இதன் தோலை உரிக்க முடியாது. பெரிய கத்தியால் மேலும் கீழும் தட்டையாக வெட்டி, பலகையில் நிமிர்த்தி வைத்து, அன்னாசிக்குச் சீவுவதுபோல் மேலிருந்து கீழாகத் தோலைச் சீவி வாருங்கள். அடியில் வேர்கள் பின்னிய இடத்தில் மடிப்புக்குள் மண் இருக்கும், கழுவிப் பிரயோசனமில்லை, தாராளமாக வெட்டி எறியுங்கள். கால்வாசி போய்விடும், போகட்டும். காற்றுப்பட்டால் பழுப்பாகும் என்பதால் வெட்ட வெட்ட எலுமிச்சைச் சாறு விட்ட தண்ணீரில் போடுங்கள்.

பச்சையாகச் சாப்பிடுவதற்கு பிரான்சின் செலரி ரெமுலாட்தான் முதலிடம். 300 கிராம் கிழங்கைத் தீக்குச்சி போல மெல்லியதாக அரிந்து, உப்பும் எலுமிச்சைச் சாறும் பிசறி அரை மணி நேரம் வைத்துப் பிழிந்து, ஒரு மேசைக்கரண்டி டிஜோன் கடுகும் மூன்று மேசைக்கரண்டி மயோனேஸும் கலந்தால் முடிந்தது. ஜேர்மன் வீடுகளில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வட்டமாக வெட்டி, உப்புத் தண்ணீரில் ஐந்தாறு நிமிடம் அவித்து, துடைத்து, மா, முட்டை, பாண்தூள் என்று வரிசையாகப் புரட்டிப் பொரிப்பார்கள், ஷ்னிற்சல் என்றால் இறைச்சிதான் என்று நினைக்கிற பிள்ளைகளும் சாப்பிடும். உருளைக்கிழங்கோடு சரிபாதியாகப் பாலில் அவித்து மசித்தாலும் அருமை. இதில் மாச்சத்து உருளைக்கிழங்கில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், 100 கிராமில் 42 கலோரி, சீனி வருத்தம் உள்ள வீடுகளில் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

நம் சமையலில் இதற்கு நன்றாகப் பொருந்துவது பால்கறி. துண்டுகளாக வெட்டி, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள், நாலைந்து வெந்தயம், தேங்காயின் தண்ணீர்ப்பால் விட்டு மூடி அவித்து, வெந்ததும் முதற்பால் விட்டு ஒரு கொதியில் இறக்கி எலுமிச்சை விடுங்கள். உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் சீக்கிரம் வெந்துவிடும், குழையவிடாதீர்கள். மிளகும் சீரகமும் இடித்துப் போட்டுப் பிரட்டலாகவும் செய்யலாம். பெருஞ்சீரகம் மட்டும் வேண்டாம், இரண்டு வாசனையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். சாம்பாரில் போட்டுப் பார்த்தவர்கள் சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்கு அது சூப் நினைவைத்தான் தருகிறது.

தோண்டிய அன்று கழற்றிய நல்ல இலைகளை எறியாதீர்கள். கழுவி, ஈரம் போகத் துடைத்து, பொடியாக அரிந்து, அதே எடைக்குக் கல்லுப்பு சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, தட்டில் பரப்பி, அவனில் 50 பாகையில் கதவைச் சற்றுத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். நொறுங்கும் பதம் வந்ததும் போத்தலில் போட்டு மூடிவிடலாம், முட்டைப் பொரியலுக்கும் ரசத்துக்கும் அந்த உப்பு ஒரு சிட்டிகை போதும்.